நாளைக்குப் பதினைந்து முறை போகிறேன், ஆனால் சர்க்கரை இல்லை என்கிறார்கள். வேறு என்னவாக இருக்கும்?

தூக்கமில்லாதவன் எழுதியது:

வணக்கம். கொஞ்சம் கூச்சமான விஷயம்தான், நேரில் யாரிடமும் கேட்க வாய் வரவில்லை, அதனால் இங்கே கேட்கிறேன். ஆண், வயது 39. நாலைந்து மாதமாகச் சிறுநீர் அளவுக்கு மீறிப் போகிறது. முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் நிறையக் குடிக்கிறோம் அதனால் போகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது பகலில் பத்துப் பன்னிரண்டு முறை, ராத்திரி மூன்று முறை, சில நாள் நான்கு. எங்கே போய் உட்கார்ந்தாலும் கழிவறை எந்தப் பக்கம் என்றுதான் முதலில் கண் தேடுகிறது. நீண்ட பயணம் என்றால் முந்தின நாளே பயம் வந்துவிடுகிறது.

எல்லோரும் சொன்னது போல நானும் சர்க்கரை என்றுதான் நினைத்தேன். பார்த்தாயிற்று: வெறும் வயிற்றில் 92, சாப்பிட்ட பின் 118, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.3. சிறுநீரிலும் சர்க்கரை இல்லை, கிருமித் தொற்று இல்லை. பார்த்த மருத்துவர் "டென்ஷன்தான், தண்ணீரைக் குறையுங்கள்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். குறைத்துப் பார்த்தேன். அரை நாள் கூடத் தாங்கவில்லை, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, தலை வலிக்கிறது, ஆனால் போவது மட்டும் நிற்கவே இல்லை, அதே வெள்ளைத் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது.

என் கேள்வி இதுதான்: நிறையக் குடிப்பதால் நிறையப் போகிறதா, இல்லை நிறையப் போவதால் குடிக்க வேண்டியிருக்கிறதா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

அளவுநாடா எழுதியது:

கேள்வியிலேயே பாதி விஷயத்தைப் பிடித்துவிட்டீர்கள். ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்று இருக்கிறது. நீங்கள் சொன்னது எல்லாம் எத்தனை முறை என்ற கணக்கு. எவ்வளவு என்ற கணக்கு எங்கேயும் இல்லை. இந்த இரண்டையும் எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம், நானும் அப்படித்தான் குழப்பிக்கொண்டேன். என் அப்பா ஒரு நாளைக்குப் பதினெட்டு முறை போனார், வீடே சிறுநீரகம் போச்சு என்று பயந்தது, கடைசியில் அளந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் 80, 100 மி.லி.தான், மொத்தமே ஒன்றரை லிட்டர். அது புராஸ்டேட் வீக்கம், ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி அது. பை முழுதாகக் காலியாகாததால் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போயிருக்கிறது. சிறுநீரகம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது.

சாதாரணமாக ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை போகும். 24 மணி நேரத்தில் மூன்று லிட்டரைத் தாண்டினால்தான் மருத்துவர்கள் அதை அதிகச் சிறுநீர் என்றே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே ஒரு அளவுக் குவளை வாங்குங்கள், மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எத்தனை மி.லி., அவசரமாக ஓடினீர்களா, என்ன குடித்தீர்கள், எவ்வளவு. ராத்திரி எழுந்ததையும் விடக் கூடாது. அருவருப்பாக இருக்கும், இரண்டாவது நாள் பழகிவிடும். "அடிக்கடி போகிறது டாக்டர்" என்று சொல்வதற்கும் அந்தத் தாளை மேசையில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

நேர்வழி எழுதியது:

இதற்குப் போய் இவ்வளவு யோசனையா? சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காதீர்கள், காபியை விடுங்கள். ஒரே வாரம். எனக்கு அப்படித்தான் நின்றது.

பரிசோதனைக்குழாய் எழுதியது:

நேர்வழி, உங்களுக்கு நின்றது சந்தோஷம், ஆனால் இவருக்கு அதைச் சொல்லாதீர்கள். அவர் எழுதியதை மறுபடி படியுங்கள். தண்ணீரை நிறுத்திய பிறகும் நிறமில்லாத சிறுநீர் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. நல்ல உடம்பு அப்படிச் செய்யாது. நீங்களோ நானோ அரை நாள் குடிக்காமல் இருந்தால் சிறுநீர் குறைந்து மஞ்சளாகும், ஏனென்றால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் இறங்கி, தண்ணீரைப் பிடித்து வை என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். இவருக்கு அந்தச் செய்தி கிளம்பவில்லை, அல்லது கிளம்பியும் சிறுநீரகம் கேட்கவில்லை என்று சந்தேகப்பட இடம் இருக்கிறது. சந்தேகம்தான், முடிவு இல்லை. அப்படிப்பட்டவர் வீட்டில் தனியாகத் தண்ணீரை நிறுத்திச் சோதித்தால் உடம்பு வறண்டு ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். அதே சோதனையை மருத்துவமனையில் வைத்து, மணிக்கு மணி எடை பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டேதான் செய்வார்கள்.

நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. என் பக்கத்து விஷயத்தை மட்டும் சொல்கிறேன். சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது, அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. அதனால் திரும்ப எடுப்பதில் சின்னச் சறுக்கல் வந்தாலும் வெளியே லிட்டர் கணக்கில் தெரியும். சறுக்கல் இரண்டு மாதிரி வரும். ஒன்று, சிறுநீரில் ஏதாவது கரைந்து நின்று தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போவது. சர்க்கரை நோயில் நடப்பது இதுதான், ரத்தத்தில் சர்க்கரை 180ஐ ஒட்டித் தாண்டும்போது சிறுநீரகத்தால் முழுவதையும் திரும்ப எடுக்க முடியாமல் அது வழியும், தண்ணீரும் கூடவே போகும். சர்க்கரைக்கே கொடுக்கும் டாபாகிளிஃப்லோசின், எம்பாகிளிஃப்லோசின் மாத்திரைகள் இதை வேண்டுமென்றே செய்ய வைக்கின்றன, ஆகவே அவை சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர் கூடுவதில் ஆச்சரியம் இல்லை. இன்னொன்று, வெறும் தண்ணீராகவே போவது. இதைத்தான் சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி என்ற சோதனை, அதாவது சிறுநீரில் எவ்வளவு பொருள் கரைந்திருக்கிறது என்ற கணக்கு, பிரித்துக் காட்டும். 24 மணி நேர அளவு மூன்று லிட்டருக்கு மேல் வந்து, இது 300க்குக் கீழே இருந்தால் தண்ணீர் வழி. உங்கள் அறிக்கையில் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்டால் சிறுநீர் எவ்வளவு அடர்த்தி என்பது) என்று ஒரு வரி இருக்கும் பாருங்கள், அது 1.005 அல்லது அதற்கும் கீழே என்றால் அதுவும் ஒரு துப்பு.

அப்புறம் 24 மணி நேரச் சிறுநீரில் பத்துப் பேரில் பாதிப் பேர் தப்பாகத்தான் பிடித்துக் கொண்டுவருகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது, கணக்கெடுத்துச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். காலை எழுந்ததும் முதலில் போவதைக் கொட்டிவிட வேண்டும், அது நேற்று ராத்திரியுடையது. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அதற்கப்புறம் போவதெல்லாம் கேனுக்குள். மறுநாள் அதே நேரத்துக்குப் போவதையும் சேர்த்து மூட வேண்டும். நடுவில் வெளியே எங்கேயோ ஒரு தடவை போய்விட்டு வந்து "பரவாயில்லை" என்று விட்டால் எல்லாமே வீண்.

தண்ணீர்ப்பானை எழுதியது:

இந்த வெறும் தண்ணீர் வழியில் பதினோரு வருடமாகப் போய்க்கொண்டிருப்பவள் நான். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி, அறுவை செய்து எடுத்தார்கள், அதன் பிறகு வாசோபிரசின் சுரப்பது நின்றுவிட்டது. முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு ஒன்பது லிட்டர். நீங்கள் எழுதிய அந்த நாக்கு ஒட்டுவதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, அது சாதாரணத் தாகம் இல்லை, தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். உங்களுக்குப் பனிக்கட்டித் தண்ணீர்தான் வேண்டும் என்று தோன்றுகிறதா? ராத்திரி சிறுநீருக்காக எழுந்திருக்கிறீர்களா, தாகத்துக்காகவா? இந்த இரண்டையும் என் மருத்துவர் முதல் நாளே கேட்டார்.

இதற்குப் பெயர் டயாபடீஸ் இன்சிபிடஸ். பெயரில் டயாபடீஸ் இருப்பதால் நான் பட்ட பாடு கொஞ்சம் இல்லை. ஒரு முறை வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோது சர்க்கரை நோயாளி என்று நினைத்துக்கொண்டு விரலைக் குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், என் மருந்து வேளையைத் தவறவிட்டார்கள். இப்படிப்பட்ட குழப்பத்தால்தான் 2022ல் பெயரையே மாற்றினார்கள், இப்போது ஹார்மோன் சுரக்காவிட்டால் வாசோபிரசின் குறைபாடு, சுரந்தும் சிறுநீரகம் கேட்காவிட்டால் வாசோபிரசின் எதிர்ப்பு. பழைய பெயரே இன்னும் எல்லோர் வாயிலும் இருக்கிறது.

நான் அந்த ஹார்மோனுக்குப் பதிலாக டெஸ்மோபிரசின் மாத்திரை எடுக்கிறேன். நன்றாக வாழ்கிறேன். ஆனால் அது விளையாட்டு மருந்து இல்லை என்பதைச் சொல்ல வேண்டும், அதைப் போட்டுக்கொண்டு பழக்கத்தில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தால் சோடியம் கீழே போய்விடும், எனக்கு ஒரு முறை போய் வலிப்பு வரை வந்தது. அதனால் வாரத்தில் ஒரு நாள் மாத்திரையைத் தள்ளிப் போட்டு, உள்ளே தேங்கிய தண்ணீர் வெளியேறும் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் கடையில் போய்க் கேட்காதீர்கள்.

பரிசோதனைக்குழாய் எழுதியது:

பெயர் என்றதும் ஒரு சின்னத் திசைதிருப்பல், மன்னிக்கவும். இன்சிபிடஸ் என்றால் சுவையில்லாதது என்று பொருள். அந்தக் காலத்தில் மருத்துவர்கள் நிஜமாகவே சுவைத்துப் பார்த்துத்தான் பிரித்தார்கள். இனித்தது நம் ஆட்கள் மதுமேகம் என்று சொன்னது, இனிக்காதது இது. அந்த இனிப்பு சர்க்கரைதான் என்று மாத்யூ டாப்சன் என்ற ஆங்கில மருத்துவர் 1776ல் எழுதினார். இப்போது சோதனைப் பட்டையை நனைத்தால் போதும் என்பதற்காக என் வேலைக்கு நான் தினமும் நன்றி சொல்கிறேன்.

மாடிப்படி எழுதியது:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என் அம்மாவுக்கு 71 வயது, பகலில் ஒன்றும் இல்லை, ராத்திரி மட்டும் ஐந்து முறை எழுந்திருக்கிறார், ஒரு தடவை வழுக்கி விழுந்தும்விட்டார். இதுவும் இந்த ஹார்மோன் சமாச்சாரம்தானா?

இரவுப்பணி எழுதியது:

மாடிப்படி, அது வேறு கதையாக இருக்க வாய்ப்பு அதிகம். சாயங்காலம் அம்மாவின் கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். இதயம் பலவீனமாக இருந்தாலும் இப்படி வரும். குறட்டையும் மூச்சு நின்று நின்று வருவதும் இருந்தால் தூக்கத்தில் மூச்சடைப்பு, அதுவும் ராத்திரிச் சிறுநீரைக் கூட்டும். ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் எந்த நேரத்தில் சாப்பிடுகிறார் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள், ராத்திரி போட்டுக்கொண்டு ராத்திரி எழுந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் அளந்து எழுதுங்கள், அந்த வயதில் மொத்தச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ராத்திரியே போகிறது என்றால்தான் இந்தப் பேச்சு. நடைபாதையில் ஒரு விளக்கை எரிய விடுங்கள், அதை இன்றைக்கே செய்யுங்கள்.

தூக்கமில்லாதவன், நான் செவிலியர். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதுவரை யாரும் கேட்கவில்லை. தினமும் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? எல்லாவற்றையும் எழுதுங்கள். சத்து மாத்திரை, கால்சியம், வைட்டமின் டி, நாட்டு மருந்து, பல வருடமாகச் சாப்பிடுவதால் மருந்து என்றே கணக்கில் வராதது, அதையும்.

தூக்கமில்லாதவன் எழுதியது:

நான்கு நாள் கழித்து வருகிறேன், அளந்துகொண்டிருந்தேன். மூன்று நாளும் 5.2, 5.8, 5.6 லிட்டர். ஒவ்வொரு முறையும் 350, 400 மி.லி. ராத்திரியும் அதே அளவுதான். தண்ணீர்ப்பானை கேட்டதற்கு: ஆமாம், குளிர்ந்த தண்ணீர்தான், தலைமாட்டில் பாட்டில் இல்லாமல் தூங்க முடியாது, பல நாள் தாகம்தான் எழுப்புகிறது. ஒப்படர்த்தி 1.003.

இரவுப்பணி கேட்ட கேள்விக்குப் பதில் எழுத இரண்டு நாள் ஆனது. லித்தியம் சாப்பிடுகிறேன். ஒன்பது வருடமாக. பைபோலார், அதாவது மனநிலை ஒரேயடியாக ஏறியும் இறங்கியும் போகும் நோய் என்று சொன்னார்கள். அது என்னைக் காப்பாற்றிய மாத்திரை, அதில் எனக்குக் குறை இல்லை, ஆனால் வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது, அந்த டென்ஷன் என்று சொன்ன மருத்துவரிடமும் சொல்லவில்லை, "வேறு மாத்திரை ஏதாவது?" என்று கேட்டார், இல்லை என்றேன். இங்கே பெயர் தெரியாது என்பதால் சொல்கிறேன். இதுதான் காரணமா? நேற்றிலிருந்து நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

முதலில் நிறுத்தாதீர்கள். இதை எழுதும் இந்த நிமிடம் வரை நிறுத்தியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். திடீரென்று நிறுத்தினால் பழைய நோய் வேகமாகத் திரும்பும், அதைப் பார்த்திருக்கிறேன்.

இதுதான் காரணம் என்று நான் சொல்ல முடியாது, ஆனால் லித்தியம் நீண்ட காலம் எடுப்பவர்களுக்கு அதிகச் சிறுநீர் வருவது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். சிறுநீரகக் குழாயின் கடைசிப் பகுதியில் இருக்கும் செல்களுக்குள் லித்தியம் சோடியம் போகும் வழியாகவே நுழைந்துவிடும். அங்கே தண்ணீர் திரும்ப உள்ளே வருவதற்கான சின்னக் கதவுகள் இருக்கின்றன, வாசோபிரசின் தட்டினால் திறக்கும். லித்தியம் அந்தக் கதவுகளின் எண்ணிக்கையையே குறைத்துவிடுகிறது. ஹார்மோன் வந்து தட்டுகிறது, திறக்கக் கதவு இல்லை. தண்ணீர்ப்பானைக்கு மூளைப் பக்கம் பிரச்சினை, உங்களுக்கு இருந்தால் சிறுநீரகப் பக்கம், அவருடைய மாத்திரை உங்களுக்கு அதே மாதிரி வேலை செய்யாது.

இப்போது முக்கியமானது. தண்ணீரைக் குறைக்கவே கூடாது. உங்களுக்கு அந்த யோசனையைச் சொன்னவருக்கு லித்தியம் பற்றித் தெரியாது, தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். உடம்பு வறண்டால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், ரத்தத்தில் அளவு ஏறும், அது நச்சு. கை நன்றாக நடுங்குவது, வாந்தி, வயிற்றுப்போக்கு, தள்ளாட்டம், பேச்சு குழறுவது, மந்தமாக இருப்பது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே அவசரப் பிரிவு. வாந்தியெடுத்துக் குடிக்க முடியாமல் போனாலும் அப்படித்தான், மறுநாள் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். தலைவலிக்கு நீங்களாக இபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், அதுவும் லித்தியம் அளவை ஏற்றும்.

லித்தியம் எழுதிக் கொடுப்பவரை இந்த வாரமே பாருங்கள், தொலைபேசியில் இன்றைக்கே சொல்லுங்கள். லித்தியம் அளவு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), சோடியம், கால்சியம் பார்ப்பார்கள். கால்சியம் ஏன் என்றால் லித்தியம் சில பேருக்குக் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பியைத் தூண்டிக் கால்சியத்தை ஏற்றும், கால்சியம் ஏறினாலும் சிறுநீர் கூடும், இரண்டு பக்கமும் இடி. அந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள். முந்தைய மருத்துவரிடம் மறைத்ததற்காக உங்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை, நாங்களும் கேட்கும் விதத்தில் கேட்பதில்லை, வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால் யார் சொல்வார்கள்.

நேர்வழி எழுதியது:

நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். லித்தியம் பற்றி எனக்குத் தெரியாது.

அளவுநாடா எழுதியது:

5.6 லிட்டரைப் போய் டென்ஷன் என்றார்களே. என்ன ஆனது என்று வந்து சொல்லுங்கள், பாதியில் விட்டுவிட்டுப் போய்விடாதீர்கள், இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தூக்கமில்லாதவன் எழுதியது:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

இரவுப்பணி சொன்னது போல அன்றே தொலைபேசியில் சொன்னேன். லித்தியம் அளவு சரியாக இருந்தது, கால்சியம் சரி, கிரியேட்டினின் சரி, சோடியம் 144, மேல் எல்லையை ஒட்டி. சிறுநீர் ஆஸ்மோலாலிட்டி 130. அதிகமாகக் குடிப்பதுதான் காரணம் என்றால் சோடியம் கீழ்ப்பக்கமாக இருந்திருக்கும் என்று சிறுநீரக மருத்துவர் சொன்னார். பிறகு ஒரு நாள் மருத்துவமனையில் வைத்துத் தண்ணீர் நிறுத்தும் சோதனை செய்தார்கள், காலையிலிருந்து மதியம் வரை, என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான காலைப் பொழுது இல்லை. டெஸ்மோபிரசின் ஊசி போட்டும் சிறுநீர் அப்படியே நீர்த்துதான் இருந்தது. கதவு இல்லை என்று இரவுப்பணி சொன்னது மனதில் வந்தது.

ஆக என் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, போவதால்தான் குடித்திருக்கிறேன்.

லித்தியத்தை நிறுத்தவில்லை. மனநல மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் பேசிக்கொண்டு, இரண்டு வேளையாக இருந்ததை ராத்திரி ஒரே வேளையாக்கி, அளவைக் கொஞ்சம் குறைத்தார்கள். கூடவே அமிலோரைடு என்ற மாத்திரை. அது நீர் பிரிக்கும் மாத்திரையாம், ஏற்கெனவே இவ்வளவு போகிறவனுக்கு அதையா கொடுப்பார்கள் என்று கேட்டேன், லித்தியம் செல்லுக்குள் நுழையும் அந்த வழியையே அடைப்பதற்காக என்றார் சிறுநீரக மருத்துவர். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இந்த வாரம் 3.7 லிட்டர். ராத்திரி ஒரு முறை. ஒன்பது வருடப் பழக்கம் என்பதால் முழுதும் பழையபடி ஆகுமா என்று உறுதி சொல்ல முடியாது என்றுதான் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று, தண்ணீர்ப்பானைக்கு உபயோகமாக இருக்கலாம், எனக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், பணப்பையில் வைத்திருக்கிறேன்: எந்த அறுவைக்காகவும் இவரை வெறும் வயிற்றில் தண்ணீர் இல்லாமல் காக்க வைக்கக் கூடாது என்று. லித்தியம் என்ற வார்த்தையும் அதில் இருக்கிறது, யாராவது பணப்பையைத் திறந்தால் பார்த்துவிடுவார்கள்தான். இருக்கட்டும்.

கேனைத் தூக்கிப் போடவில்லை. மாதம் ஒரு நாள் அளந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். முதல் சிறுநீரைக் கொட்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறேன், பரிசோதனைக்குழாய் கவலைப்பட வேண்டாம்.

மாடிப்படி எழுதியது:

அம்மாவுக்குக் கால் வீக்கம் இருக்கிறது. வியாழக்கிழமை இதய மருத்துவரிடம் போகிறோம். விளக்குப் போட்டாயிற்று.